மொட்டை மாடித் தொட்டிக்கு எந்த வால்வு? ஊரில் இல்லாதபோது வீட்டுத் தண்ணீரை அடைக்கும் வழிகள்

வேலூரில், எங்கள் சத்துவாச்சாரியில் அடுத்த தெருக் குடும்பம் ஒன்று கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போயிருந்தது. வாஷ்பேசினுக்கு அடியில் மாட்டியிருக்கும் இணைப்புக் குழாய், வெளியே எஃகுப் பின்னல் போட்ட அந்த ஒன்றரை அடிக் குழாய், முதல் நாள் இரவே வெடித்துவிட்டது. மாடித் தொட்டி காலியானது. நீர்மட்டம் குறைந்ததும் தானியங்கி சுவிட்ச் போர் மோட்டாரை ஓட்டித் தொட்டியை நிரப்பியது. அது மறுபடியும் காலியானது, மறுபடியும் நிரம்பியது. மறுநாள் காலை பால்காரர் வாசற்படிக்கு அடியில் தண்ணீர் கசிந்து வருவதைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பூட்டை உடைத்து உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். கணுக்கால் அளவுத் தண்ணீரில் செருப்புகளும் செய்தித்தாள்களும் மிதந்தன. நிலைக்கதவின் அடிப்பக்கம் ஊறி உப்பியிருந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பட்டுப் புடவைகளில் ஒன்றின் சாயம் மற்றொன்றில் இறங்கியிருந்தது. போரில் தண்ணீர் வற்றிய பிறகும் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரின் காயிலும் எரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிறார்கள். வீடு பூட்டியிருக்கிறது, அல்லது வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிறார்கள். செல்பேசியிலிருந்தே தண்ணீரை அடைக்க எந்தக் கருவியை வாங்குவது? என் வீட்டில் மூன்று வகைகளையும், என் அண்ணன் வீட்டில் ஒன்றையும் மாட்டிப் பார்த்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

## முதலில், எந்தக் குழாயை அடைக்கப்போகிறோம்?

வெளிநாட்டில் தயாராகும் இத்தகைய கருவிகளின் விளக்கக் குறிப்பில், தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முதன்மைக் குழாயில் பொருத்தச் சொல்லியிருப்பார்கள். அந்த ஊர்களில் தெருக் குழாயில் நாள் முழுவதும் அழுத்தத்தோடு தண்ணீர் இருக்கும். வேலூரில் நிலைமை வேறு. மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் முறை வைத்துத்தான் நம் தெருவுக்கு வருகிறது. அதைச் சம்ப்பில் பிடித்து, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றுகிறோம். குளிக்க, துவைக்க போர் தண்ணீர். வீட்டுக்குள் நாள் முழுவதும் தண்ணீரைத் தாங்கி நிற்பது மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்தான். உடைந்தால் வீட்டை நனைப்பதும் அதுவே. வால்வை அங்கே போடுங்கள்.

தெருவிலிருந்து சம்ப்புக்கு வரும் குழாயில் போட்டால் என்ன ஆகும்? ஊரிலிருக்கும்போது மூடிவிட்டுத் திறக்க மறந்தால், அந்த முறைத் தண்ணீர் போய்விடும். அடுத்த முறை வரைக்கும் லாரித் தண்ணீர்தான். போதாததற்கு மாநகராட்சி இணைப்பில் நாமாகக் கை வைப்பதும் சரியல்ல.

இன்னொன்று. மாடிக்குப் போய், தொட்டிகளின் அடியிலிருந்து எத்தனை குழாய்கள் இறங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் உப்புத் தண்ணீருக்கு ஒன்று, நல்ல தண்ணீருக்கு ஒன்று, சோலார் ஹீட்டருக்கு ஒன்று என மூன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் வால்வு வாங்க வேண்டியதில்லை. குளியலறை, வாஷ்பேசின், வாஷிங் மெஷின் எல்லாம் உப்புத் தண்ணீர்க் குழாயில் இருந்தால், அதற்கு ஒன்று போட்டாலே பெரும்பாலான ஆபத்து அடங்கிவிடும். சோலார் ஹீட்டர் தனிக் குழாயில் தண்ணீர் எடுத்தால் மட்டும் அதையும் கணக்கில் சேருங்கள். குளிர்நீரை மட்டும் அடைத்துவிட்டு வெந்நீர்க் குழாயை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

அழுத்தம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். மாடித் தொட்டிக்கும் தரைத்தளக் குழாய்க்கும் இடையே ஐந்து மீட்டர் இருந்தால் கிடைப்பது அரை பார். மாடியை ஒட்டிய தளத்தில் அதுவும் இல்லை. இந்தக் குறைந்த அழுத்தத்தில் திறந்து, தண்ணீரைத் தடையில்லாமல் விடும் வால்வு வேண்டும்.

மின்வெட்டு. மின்சாரம் போனால் வால்வு திறந்தே நிற்குமா, மூடிக்கொள்ளுமா, இருந்த நிலையிலேயே இருக்குமா? கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

உப்பு. போர் தண்ணீர் பிடித்த வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதே வால்வுக்குள்ளும் படியும்.

வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மொட்டை மாடியில் மூடியில்லாமல் வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி அதைவிடக் கூடுதலாகவே சுடும்.

கை. செல்பேசி, இணையம், மின்சாரம் எதுவுமே இல்லாத நேரத்திலும் எழுபது வயது அம்மா அதைக் கையால் திறக்க முடிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

## கைவால்வும் ஒரு பழக்கமும்

இப்போது இருக்கும் வால்வையே ஊருக்குப் போகும்போது மூடிவிட்டு, மோட்டார் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது. செலவு இல்லை. நிரந்தரமாக வீட்டில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. ஒரே நிபந்தனை, பழைய கேட் வால்வு (சக்கரத்தைப் பல சுற்றுச் சுற்றி மூடுவது) இருந்தால் அதை மாற்றிக் கால் திருப்பு பால் வால்வாக (கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினாலே மூடும் உருண்டை வால்வு) போட வேண்டும். பல ஆண்டுகள் திருப்பாமல் விட்ட கேட் வால்வு உப்பு ஏறி இறுகிக்கொள்ளும். அவசரத்தில் பலமாகத் திருப்பினால் உள்ளே தண்டு முறிந்து, மேலே சக்கரம் மட்டும் சுற்றும்.

மறதிதான் இதன் குறை. காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு “மூடினோமா?” என்ற சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்குச் சாவி கொடுத்திருக்க வேண்டும்.

## கைப்பிடி மேல் மாட்டும் மோட்டார்

ஏற்கெனவே இருக்கும் பால் வால்வைத் தொடாமல், அதன் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் சிறிய மோட்டார் இது. குழாயை அறுக்க வேண்டாம், பிளம்பர் வேண்டாம், அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். மின்சாரம் போனால் இருந்த நிலையிலேயே நிற்கும். பிடியை விடுவித்துக் கையாலும் திருப்பலாம். தண்ணீர் ஓட்டத்தில் எந்தக் குறையும் வராது, ஏனென்றால் வால்வு பழையதே.

கேட்க நன்றாக இருக்கிறது. என் வீட்டில் முதலில் இதைத்தான் மாட்டினேன். நான்கு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் செல்பேசி “மூடப்பட்டது” என்று காட்டியது. கீழே குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வால்வு உப்பால் இறுகியிருந்தது. மோட்டார் கைப்பிடியைத் தள்ள முயன்று, அது அசையாததால், குழாயைக் கவ்வியிருந்த தன் பிடியை நழுவவிட்டுத் தானே ஒரு பக்கம் திரும்பி நின்றிருந்தது. மோட்டார் சுற்றியதை அது அறியும். வால்வு மூடியதை அது அறியாது. இந்த வகையின் அடிப்படைப் பலவீனம் இதுவே.

ஆகவே இதை வாங்கும் முன் ஒரு சோதனை: உங்கள் வால்வின் கைப்பிடியை இரண்டு விரலால் திருப்ப முடிகிறதா? முடிந்தால் வாங்கலாம். முழுக் கையும் வேண்டியிருந்தால் வேண்டாம். நீண்ட உலோகக் கைப்பிடி உள்ள வால்வுக்கே இது நன்றாகப் பொருந்தும். நம் வீடுகளில் அதிகம் இருக்கும் குட்டைப் பிளாஸ்டிக் கைப்பிடிக்குப் பிடிமானம் போதாது, அந்த விசையில் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயும் முறுக்கப்படும். சுற்றிச் சுற்றி மூடும் கேட் வால்வுக்கு இது அறவே உதவாது.

## மோட்டார் பால் வால்வு

குழாயை அறுத்து நடுவில் பொருத்தும் முழு வால்வு. பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு உடலுக்குள் துளையிட்ட உருண்டை. மேலே சிறிய மோட்டார். திறக்கவும் மூடவும் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். உருண்டையை மோட்டாரே திருப்புவதால் தண்ணீரின் அழுத்தம் பூஜ்யமாக இருந்தாலும் திறக்கும். திருப்பும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் மின்சாரம் பிடிக்கும்.

என் மனம் சாய்வது இதன் பக்கம். ஆனால் இதற்குள்ளும் வகைகள் உண்டு, தவறான வகையை வாங்கினால் வேலூரில் அவதிதான். கம்பிகளை எண்ணுங்கள். இரண்டு கம்பி வகைகளில் பல, மின்சாரம் நின்றவுடன் உள்ளே சேர்த்து வைத்த மின்சாரத்தாலோ சுருள்வில்லாலோ தானே மூடிக்கொள்ளும். தொழிற்சாலைக்கு அது பாதுகாப்பு. வீட்டில், மின்வெட்டு வரும்போதெல்லாம் சோப்புப் போட்ட உடம்போடு நிற்க வேண்டியதுதான். என் அண்ணன் வீட்டில் இதுதான் நடந்தது; இரண்டே வாரத்தில் அண்ணி அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். மூன்று கம்பி வகையில் திறக்க ஒரு கம்பி, மூட ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவான கம்பி ஒன்று. மின்சாரம் போனால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஐந்து கம்பி வகையில் கூடுதலாக, உருண்டை உண்மையிலேயே முழுவதும் திரும்பிவிட்டதா என்ற தகவல் திரும்பி வரும். வீடு பூட்டியே கிடக்கிறது என்றால் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து ஐந்து கம்பி வாங்குங்கள்.

மற்றொன்று, உருண்டையின் துளை குழாயின் உள்விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். விலை மலிவான சிலவற்றில் வெளியே ஒரு அங்குல மரை இருக்கும், உள்ளே துளை முக்கால் அங்குலமும் இராது. அழுத்தம் மிகுந்த குழாயில் அது பெரிதாகத் தெரியாது. நம் தொட்டிக் குழாயில் ஷவர் நூலாக வடியும். கடையில் வால்வைக் கண்ணருகே பிடித்து மறுபக்கம் பாருங்கள். துளையின் அளவு அப்படியே தெரியும்.

மேலே கையால் திருப்பும் குமிழ் இருப்பதையே வாங்குங்கள். 12 வோல்ட்டில் ஓடுவது நல்லது. மழையில் நனையும் மாடியில் 230 வோல்ட் கம்பி இழுக்காமல் தப்பலாம்.

## சோலினாய்டு வால்வு

விலையில் மிகவும் குறைந்தது இதுதான், ஆசை காட்டுவதும் இதுதான். வாஷிங் மெஷினுக்குள்ளும் ஆர்.ஓ. கருவிக்குள்ளும் இருப்பது இந்த வகை. மின்காந்தம் சிறிய துளையொன்றைத் திறக்க, தண்ணீரின் சொந்த அழுத்தமே ரப்பர் சவ்வைத் தூக்கி வழி விடுகிறது. அந்த அழுத்தம் நம் தொட்டிக் குழாயில் போதாது என்பதுதான் சிக்கல். என் வீட்டுத் தோட்டக் குழாயில் சோதித்தேன். வால்வு இல்லாதபோது பத்து லிட்டர் வாளி முக்கால் நிமிடத்தில் நிறைந்தது. சோலினாய்டைப் பொருத்திய பின் மூன்று நிமிடம் ஆகியும் வாளி பாதியைத் தாண்டவில்லை.

அழுத்தம் தேவைப்படாத, நேரடியாகத் திறக்கும் சோலினாய்டுகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றின் துளை சிறியது. முழு வீட்டுக்கும் தண்ணீர் விடக் காணாது. அடுத்த சிக்கல் மின்சாரம். சாதாரணமாக மூடியிருக்கும் வகையைத் திறந்து வைக்க இடைவிடாமல் மின்சாரம் கொடுக்க வேண்டும். 10 வாட் காயில் என்று வைத்துக்கொண்டால் 60 நாளில் 14 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. பணத்தைவிட, வெயில் நேரத்தில் காயில் நாள் முழுவதும் சூடாகவே கிடப்பதுதான் எனக்குக் கவலை. மின்வெட்டு வந்தால் தண்ணீர் நிற்கும். சாதாரணமாகத் திறந்திருக்கும் வகையில், மின்வெட்டு வந்தால் அடைத்த தண்ணீர் திறந்துகொள்ளும். பூட்டிய வீட்டுக்கு அது இன்னும் மோசம். போர் தண்ணீரின் உப்புத் துகள் அந்தச் சிறு துளையில் மாட்டிக்கொண்டால் சவ்வு முழுவதும் மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் இதற்கு இடமே இல்லையா? உண்டு. மோட்டாரிலிருந்து நேரடியாக அழுத்தத்தோடு போகும் சொட்டுநீர்க் குழாயில் இது சிறப்பாக வேலை செய்யும். பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் பொருந்தும். தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு மட்டும் வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | கைவால்வு | மாட்டும் மோட்டார் | மோட்டார் பால் வால்வு (3 அல்லது 5 கம்பி) | சோலினாய்டு |
|---|---|---|---|---|
| குறைந்த அழுத்தத்தில் | நன்று | நன்று | துளை முழு அளவாயின் நன்று | போதாது |
| மின்வெட்டில் | பாதிப்பில்லை | இருந்தபடி நிற்கும் | இருந்தபடி நிற்கும் | மூடும் அல்லது திறக்கும் |
| உப்புத் தண்ணீரில் | அவ்வப்போது திருப்ப வேண்டும் | இறுகினால் நழுவும் | அவ்வப்போது திருப்ப வேண்டும் | துளை அடைபடும் |
| கையால் இயக்க | முடியும் | முடியும் | குமிழ் இருந்தால் முடியும் | பெரும்பாலும் முடியாது |
| பிளம்பர் வேலை | இல்லை | இல்லை | உண்டு | உண்டு |
| பொருந்தும் இடம் | ஆள் இருக்கும் வீடு | வாடகை வீடு, இலகுவான வால்வு | பூட்டிய வீடு, முதியோர் வீடு | தோட்டம், பிரஷர் பம்ப் |

## கட்டளை எந்த வழியாகப் போகும்?

வைஃபையா, சிம் கார்டா என்பதே இங்கே முக்கியமான தேர்வு. வீட்டில் ஏற்கெனவே இணைய இணைப்பு இருந்து, ரூட்டர் இன்வெர்ட்டரில் இருந்தால் வைஃபை போதும். ஆனால் ரூட்டர் தரைத்தள வரவேற்பறையில் இருக்கும், வால்வு கான்கிரீட் கூரைக்கு மேலே இருக்கும். வாங்கும் முன் செல்பேசியைத் தொட்டியருகே கொண்டுபோய்ச் சமிக்ஞை கிடைக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதால், அதிலேயே சோதியுங்கள்.

பூட்டிய வீட்டுக்காக மாதாமாதம் இணையக் கட்டணம் கட்டுவது வீண். அங்கே சிம் வழிதான். நம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கிணற்று மோட்டாரைச் செல்பேசியில் போட்டு நிறுத்த விவசாயிகள் பயன்படுத்தும் மொபைல் ஸ்டார்ட்டரின் தொழில்நுட்பமே இது. பழகிய எலக்ட்ரீஷியன்கள் உள்ளூரிலேயே கிடைப்பார்கள் என்பது பெரிய நன்மை. இரண்டு எச்சரிக்கைகள்: கருவி 2ஜி வகையாக இருந்தால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அதோடு, ரீசார்ஜ் காலாவதியானால் வால்வு உங்கள் பேச்சைக் கேட்காது. அது தெரியவருவது தேவைப்படும் நாளில்தான். செல்பேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறை சிங்க், வாஷிங் மெஷின், வாஷ்பேசின் ஆகியவற்றின் அடியில் தண்ணீர் பட்டால் குரல் கொடுக்கும் கசிவு உணரிகளை வைத்து வால்வோடு இணைத்தால், நீங்கள் தூங்கும்போதும் வால்வு தானே மூடும். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என ஓடினாலே 1000 லிட்டர் தொட்டி 100 நிமிடத்தில் காலி. உறக்கத்தில் இருப்பவர் செல்பேசியைப் பார்க்க அவ்வளவு நேரம் தாராளமாக ஆகும். ஆனால் உணரியிலிருந்து வால்வுக்குச் செய்தி வீட்டுக்குள்ளேயே போக வேண்டும். வெளிநாட்டுச் சர்வர் வரைக்கும் போய்த் திரும்பும் ஏற்பாடு, இணையம் துண்டான அன்று உதவாது.

## விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

என் வீட்டு ஒரு அங்குல மோட்டார் வால்வுக்குக் கொடுத்தது 4,200 ரூபாய். மாட்டி முடித்தபோது மொத்தம் ஏழாயிரத்தைத் தொட்டது. இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), சி.பி.வி.சி.யிலிருந்து பித்தளை மரைக்கு மாறும் அடாப்டர்கள், வால்வுக்கு முன்னால் ஒரு கைவால்வு, 12 வோல்ட் சப்ளை, கம்பி, மூடிய பெட்டி, கூலி. இவற்றில் யூனியனை மட்டும் மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். வால்வு பழுதானால் யூனியனைக் கழற்றி, அந்த இடத்தில் துண்டுக் குழாயைப் போட்டு அன்றைக்கே தண்ணீர் விடலாம். யூனியன் இல்லையென்றால் குழாயை அறுக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் மரையைக் கவனியுங்கள். அமெரிக்கப் பொருள்களின் குழாய் மரை வேறு, நம்மூரில் புழங்கும் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் அளவு மரை வேறு. ஒரு அங்குல அளவில் இரண்டும் சேரவே சேராது. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் ஒழுகும்.

நம்மூர்த் தொட்டிக் குழாய் அமைப்பில் வரும் ஒரு தொல்லை ஏர்லாக். வால்வை மூடிய பிறகு கீழே யாராவது குழாயைத் திறந்தால், குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்து காற்று புகுந்துவிடும். மறுபடி திறக்கும்போது காற்று சிக்கிக்கொண்டு தண்ணீர் இறங்காது. தொட்டியை ஒட்டி மேல் நோக்கி நிற்கும் ஏர் பைப், வால்வைத் தாண்டி வீட்டுக்கு இறங்கும் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வால்வு மாட்டும் அன்றே பிளம்பரைக் கொண்டு ஒன்று வைத்துவிடுங்கள். அதன் உச்சி தொட்டியின் விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும்.

வெயிலுக்குப் பெட்டியின் மேல் ஒரு பழைய ஓடு அல்லது தகரத் துண்டைக் காற்றிடைவெளி விட்டு வைத்தாலே போதும். அணில்கள் கம்பியைக் கடிக்காமலிருக்கக் கம்பியைக் குழாய்க்குள் விட்டு இழுங்கள். எந்த வகை வால்வானாலும் வாரம் ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். உப்பு உருண்டையைப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. செயலியிலேயே ஞாயிறு காலை நான்கு மணிக்கு என்று நேரம் குறித்துவிடலாம்.

## எந்த வீட்டுக்கு எது?

எப்போதும் ஆள் இருக்கும் வீடு: நல்ல கைவால்வு, கூடவே கூச்சலிடும் கசிவு உணரிகள் இரண்டு. வாடகை வீடு, வால்வு இலகுவாகத் திரும்புகிறது: மேலே மாட்டும் மோட்டார். அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீடு: கைக்குமிழ் உள்ள மூன்று கம்பி வால்வு, வைஃபை, குமிழை எப்படித் திருப்புவது என்று அவர்களைத் தொட்டியருகே நிற்க வைத்துச் செய்து காட்டிவிட்டே ஊருக்குக் கிளம்புங்கள். மாடி ஏற முடியாத பெற்றோர் என்றால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் ஒன்றே ஒன்றாக இருந்தால், அது கிளை பிரியும் முதல் இடத்துக்கு முன்பாக, கைக்கெட்டும் இடத்தில் வைக்க வழியிருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். பூட்டிய வீடு: ஐந்து கம்பி வால்வு, சிம் வழிக் கட்டளை.

பூட்டிய வீட்டில் வால்வு மட்டும் போதாது. தானியங்கி மோட்டார் சுவிட்சும் அதோடு சேர்ந்து நிற்க வேண்டும். தொட்டிக்கும் வால்வுக்கும் இடையிலோ தொட்டியிலேயோ கசிவு ஏற்பட்டால், வால்வு மூடியிருந்தும் மோட்டார் தண்ணீரை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து கம்பி வால்வின் “மூடியது” என்ற தகவல் கம்பியை ஒரு சிறு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக மோட்டார் சுவிட்சோடு இணைத்துவிட்டால், வால்வு மூடியவுடன் மோட்டாரும் ஓய்ந்துவிடும். அடுத்த தெருக் குடும்பம் புதிய போர் மோட்டார் வாங்கியபோது இந்த இணைப்பைத்தான் முதலில் போட்டார்கள். எலக்ட்ரீஷியனுக்கு அது ஒரு மணி நேர வேலையாக இருந்தது.